பெரிய ரைஃபிள் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க தோளைக் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடில் கென்னத் ஆண்டர்சன் பத்திப் பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "அவர் கையில இருந்தது என்ன துப்பாக்கி?" பதில் ஒரு வரி. .405 வின்செஸ்டர், 1895 மாடல், லீவர் ஆக்‌ஷன். ஜான் பிரவுனிங் வடிவமைச்சது. 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட் கொண்டு போன துப்பாக்கிகள்ல இதுவும் ஒண்ணு. அவ்வளவுதான்.

ஆனா ஒரு கடிதம் வேற மாதிரி இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருத்தர். உரிமம் எல்லாம் முறையா வாங்கிட்டார். அடுத்த வருஷம் ஜிம்பாப்வேயில் எருமை வேட்டைக்குப் பணமும் கட்டியாச்சு. "அண்ணா, கடையில ரெண்டு ரைஃபிள் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு புத்தம் புது .458 வின்செஸ்டர் மேக்னம், பிளாஸ்டிக் கட்டை, எடை குறைவு, விலையும் குறைவு. இன்னொண்ணு பழைய .375, வால்நட் கட்டை, கனமா இருக்கு. எருமைன்னா பெரிய குண்டுதானே நல்லது? .458 எடுத்துடட்டுமா?" அப்படின்னு கேட்டிருக்கார்.

தம்பி, எடுத்துடாதீங்க. ஏன்னு சொல்றதுக்குத்தான் இன்னைக்கு முழு எபிசோடும்.

அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்க இருந்து கேட்கிறவங்களுக்கு இது வரலாறும் கொஞ்சம் இயந்திரவியலும். வேட்டையே தப்புன்னு நினைக்கிறவங்களும் கேட்டுக்கிட்டு இருப்பீங்க, தெரியும். அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்னைக்கு என் கவலை, போறதுன்னு முடிவு பண்ணிட்ட ஒருத்தர் கையில என்ன இருக்கணும்ங்கிறது.

நான் முதல் தடவை ஜாம்பேசிப் பள்ளத்தாக்குக்குப் போனப்ப என் கையில இருந்ததும் ஒரு .458-தான். இரவல் துப்பாக்கி. எடை குறைவு, கட்டை எனக்கு நீளம். நான் அஞ்சடி அஞ்சங்குலம். அதைச் செஞ்சவங்க ஆறடி ஆளை மனசுல வச்சுச் செஞ்சிருக்காங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ரேஞ்சில் பன்னிரண்டு தோட்டா சுட்டேன். ஆறாவது தோட்டாவுக்கு மேல தோள் மரத்துப் போச்சு. "காட்டுல ரெண்டே ரெண்டு வெடிதானே, பார்த்துக்கலாம்"னு இருந்துட்டேன்.

மூணாம் நாள் காலையில, மோப்பேன் மரங்களுக்கு நடுவுல, எழுபது மீட்டர்ல ஒரு வயசான ஆண் எருமை, பக்கவாட்டில் நின்னுக்கிட்டிருந்தது. இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. விசையை இழுக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடியே என் உடம்பு உதையை எதிர்பார்த்துக் குலுங்கிடுச்சு. குண்டு தோள்பட்டைக்குப் பின்னால, ரொம்பப் பின்னால, வயித்துல பட்டது. எருமை புதருக்குள்ள போயிடுச்சு.

அப்புறம் அஞ்சு மணி நேரம். காயம்பட்ட எருமை சும்மா ஓடிப் போறதில்லை. சுத்தி வந்து, தான் போன தடத்தைப் பார்த்தபடியே புதர்ல நிக்கும். அந்தத் தடத்துல முதல் ஆளா நடக்கிறவர் யாரு? நானா? இல்லை. துப்பாக்கி வச்சிருக்கிற தொழில்முறை வேட்டைக்காரரும் இல்லை. டிராக்கர். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. கையில ஒரு குச்சி. குனிஞ்சு, புல்லுல காஞ்ச ரத்தப் பொட்டைக் குச்சியால தொட்டுக் காட்டிக்கிட்டே போறார். அவர் முகத்தில் என் மேல கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கலை. கடைசியில எருமை எழுந்து வந்தப்ப அதை நிறுத்தினது வேட்டைக்காரரோட குண்டு, என்னோடது இல்லை. அவருக்கும் டிராக்கருக்கும் நடுவுல பன்னிரண்டு தப்படி தூரம் இருந்திருக்கும். எருமை விழுந்தது அந்த இடைவெளியில.

அதனாலதான் சொல்றேன்: பெரிய ரைஃபிள் தேர்ந்தெடுக்கிறதுல காலிபர் கடைசிக் கேள்வி. கட்டை, சைட், விசை, இந்த மூணும்தான் முதல் கேள்வி. முதல் குண்டு எங்க படும்ங்கிறதை முடிவு பண்றது இது மூணும்தான்.

காலிபரை முதல்ல முடிச்சிடுவோம், சீக்கிரம் முடிஞ்சிடும். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 1912-ல வந்தது. சுமார் 19 கிராம் குண்டு, வினாடிக்கு 770 மீட்டர். .458 வின்செஸ்டர் 1956-ல வந்தது. 32 கிராம் குண்டு, வினாடிக்கு 640 மீட்டர் சொச்சம். ஆப்பிரிக்காவில் பல இடங்கள்ல எருமைக்கும் யானைக்கும் .375-ஐத்தான் கீழ்வரம்பா வச்சிருக்காங்க. அதாவது அது போதும்னு அனுபவம் சொல்லுது. நடுவுல .416 ரிக்பி இருக்கு, 1911. எனக்குப் பிடிச்சது அதுதான், ஆனா தோட்டா விலை கண்ணைக் கட்டும்.

காலிபருக்கு இவ்வளவு பேர் எப்படி வந்ததுங்கிறதுக்குப் பின்னால ஒரு வேடிக்கை உண்டு. .450 அளவுதான் ஒரு காலத்தில் யானைத் துப்பாக்கிக்குப் பொதுவான அளவு. வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு ஒரு பயம். பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளும் அதே அளவு. வேட்டைக்காரன் வாங்கிற குண்டு கலகக்காரன் கைக்குப் போயிடுமோன்னு, 1907 வாக்குல இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 தோட்டாவைத் தடை பண்ணிட்டாங்க. உடனே லண்டன் துப்பாக்கிக் கடைகள் ஆளுக்கொரு புது அளவை முன்னால கொண்டு வந்தாங்க. .465, .470, .475, .476. எருமைக்கும் யானைக்கும் இதுகளுக்குள்ள வித்தியாசமே தெரியாது. இன்னைக்கும் இணையத்துல இதை வச்சுச் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. சண்டைக்குக் காரணம் விலங்கு இல்லை, ஒரு அரசாணை!

இன்னொரு பக்கம் பெல்லைப் பாருங்க. டபிள்யூ. டி. எம். பெல், கரமோஜோ பெல்னு சொல்வாங்க. ஆயிரத்துக்கும் மேல யானைகளைச் சுட்டவர், அதுல பெரும்பகுதி .275-ல, அதாவது 7 மில்லிமீட்டர் குண்டுல. யானை மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்தில் இருந்து சுட்டா மூளை எங்க இருக்கும்னு படிச்சவர். நீங்களும் 7 மில்லிமீட்டர் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு நான் சொல்லலை, சட்டமும் விடாது. பெல் மாதிரி ஆள் இன்னொருத்தர் கிடையாது. ஆனா குண்டோட அளவைவிட அது போய்ச் சேர்ற இடம் முக்கியம்ங்கிறதுக்கு அவரைவிடப் பெரிய சாட்சியும் கிடையாது.

சரி, கட்டைக்கு வருவோம். நம்ம ஊர்ல என்.சி.சி.யில .303 சுட்டவங்க இருப்பீங்க. அந்த உதை ஞாபகம் இருக்கா? .375 அதுல ரெண்டு மடங்குக்கும் மேல. .458 இன்னும் ஒன்றரை மடங்கு. கணக்குல இது வெறும் எண். தோள்ல எப்படி இறங்கும்ங்கிறதைக் கட்டைதான் தீர்மானிக்கும்.

கடையில ஒரு சோதனை பண்ணுங்க. துப்பாக்கி காலியா இருக்கான்னு நீங்களே திறந்து பார்த்துடுங்க, கடைக்காரர் சொன்னாலும் சரி. சுவத்துல ஒரு புள்ளியைப் பாருங்க. கண்ணை மூடிக்கோங்க. ரைஃபிளை இயல்பாத் தோளுக்குக் கொண்டு வாங்க, கன்னத்தைக் கட்டையில வையுங்க. இப்ப கண்ணைத் திறங்க. முன் சைட்டும் பின் சைட்டும் ஒரே கோட்டுல, அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல இருக்கணும். கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தா, அந்தக் கட்டை உங்களுக்கானது இல்லை. பத்துத் தடவை பண்ணுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நீளம் அடுத்தது. விசையில இருந்து கட்டையோட பின்முனை வரைக்கும் உள்ள தூரம். கடையில வர்றது பெரும்பாலும் பதிமூணரை, பதினாலு இன்ச். நம்ம உயரத்துக்குப் பதிமூணு, பதிமூணேகால் போதும். நீளமா இருந்தா தூக்கும்போது அக்குள்ல, சட்டையில மாட்டும். எருமை வர்ற நேரத்துல அது மாட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நீளத்தைக் குறைக்கிறது சுலபம். ஒரு நல்ல கன்ஸ்மித் அரை நாள்ல அறுத்து, ரப்பர் பேட் போட்டுக் கொடுத்துடுவார். ஆனா ஒண்ணு: கட்டை குட்டையானா கண் ஸ்கோப்புக்குப் பக்கத்துல போகும். ஸ்கோப் வச்சிருந்தா அதையும் முன்னால நகர்த்தணும். இதை மறந்தவங்களை அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபம். வலது புருவத்துக்கு மேல பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும்.

கட்டையோட மேல்விளிம்பு, கன்னம் படுற இடம், அது நேரா இருக்கணும். இல்லைன்னா முன்பக்கமா லேசாத் தாழ்ந்து போகணும். அப்பத்தான் உதைக்கும்போது கன்னத்தை விட்டு விலகும். சில ரைஃபிள்ல பின்பக்கம் ரொம்பத் தாழ்ந்திருக்கும், பார்க்க அழகா இருக்கும். உதைக்கும்போது முழுத் துப்பாக்கியும் மேல எகிறிக் கன்னத்துல அறையும். பின்முனையும் அகலமா இருக்கணும். அதே விசை அகலமான இடத்துல பரவினா வலி குறையும், மெத்தையும் பலகையும் மாதிரி. நல்ல ரப்பர் பேட் ஒரு இன்ச் கனத்துல இருக்கட்டும். பழைய எஃகுத் தகடு வேண்டாம்.

மரமா, பிளாஸ்டிக்கா? ரெண்டுலயும் நல்லது உண்டு. மரம்னா கைப்பிடி வளைவுல மரத்தோட ரேகை நேரா ஓடுதான்னு பாருங்க. குறுக்கே ஓடினா ஒரு நாள் அங்கேயே பிளக்கும். பெரிய காலிபர்ல குறுக்கு போல்ட் போட்டிருக்கணும். உதையை வாங்குற இரும்புக்குப் பின்னால மரம் இடைவெளி இல்லாமப் படிஞ்சிருக்கணும். பிளாஸ்டிக் மழையில உப்பாது, அது பெரிய வசதி. ஆனா தம்பி சொன்ன அந்த லேசான எடை இருக்கே, அதுதான் பொறி. கடையில தூக்கிப் பார்க்கும்போது "ஆகா, இறகு மாதிரி இருக்கே"ன்னு தோணும். அந்தக் குறைஞ்ச எடை எல்லாம் உங்க தோளுக்கு வந்து சேரும். பெரிய ரைஃபிள், தோட்டாவோட சேர்த்து நாலரை கிலோ பக்கம் இருக்கிறதுதான் நியாயம். அந்தக் கனமும் ரெண்டு கைக்கு நடுவுல உட்காரணும், குழல் முனையில தொங்கக் கூடாது.

துப்பாக்கி கைக்கு அடங்குறதுன்னா என்னன்னு தெரிய, ஜிம் கார்பெட் சௌகர் புலியைச் சுட்டதைப் படிச்சவங்களுக்கு ஞாபகம் வரும். 1930. இடது கையில ரெண்டு பக்கிக்குருவி முட்டை. திரும்பிப் பார்த்தா எட்டடி தூரத்துல புலி. வலது கையால மட்டும் .275-ஐ மெதுவா, முக்கால் வட்டம் சுத்திக் கொண்டு வந்து சுட்டார். அந்த இடத்துல கனமான ரெட்டைக்குழல் இருந்திருந்தா? இருந்திருந்தா அந்தப் புத்தகத்தை எழுத ஆள் இருந்திருக்காது.

உதை குறைய இன்னொரு வழி, குழல் முனையில போடுற மசில் பிரேக். துளைகள் வழியாப் புகையைப் பக்கவாட்டுல திருப்பி உதையைக் குறைக்கும். நல்லாவே வேலை செய்யும். ஆனா சத்தமும் பக்கவாட்டுல போகும். பக்கத்துல நிக்கிறவர் காதுல பஞ்சுகூட இல்லாத அதே டிராக்கர்தான். நிறைய வேட்டைக்காரர்கள் முகாம்லயே அதைக் கழட்டச் சொல்லிடுவாங்க. ரேஞ்சுல பழக வச்சுக்கோங்க, காட்டுக்குப் போறப்ப கழட்டிடுங்க. கழட்டினா குண்டு படுற இடம் மாறும், மறுபடி சரி பார்க்கணும்.

அடுத்தது சைட். பழைய பிரிட்டிஷ் ரைஃபிள்ல பின் சைட் அகலமான, ஆழமில்லாத 'வி' வடிவம். முன்னால தந்த மணியோ தங்க மணியோ. அந்த மணி 'வி'க்குள்ள உட்கார்ந்தாப் போதும், கண் தானா நடுவுக்குப் போகும். முப்பது மீட்டருக்குள்ள, வேகமா, இதை அடிச்சுக்க எதுவும் இல்லை. சில பழைய துப்பாக்கியில 100, 200, 300 கஜம்னு மடக்கு இலைகள் வரிசையா இருக்கும். அழகுக்கு வச்சுக்கலாம். 300 கஜத்துல எருமையைத் திறந்த சைட்டுல சுடுறவர் கூட நான் நடக்க மாட்டேன்.

ஆனா நம்ம கண்ணு? நாப்பத்தஞ்சு தாண்டினா பின் சைட் மங்கிடும். எனக்கு அப்படித்தான். அதுக்கு வளையச் சைட் உண்டு. கண்ணுக்குப் பக்கத்துல ஒரு பெரிய ஓட்டை, அதுக்குள்ள பார்த்தா முன் மணி மட்டும் தெரியும். வளையத்தைக் கவனிக்கவே வேண்டாம். இல்லைன்னா குறைஞ்ச சக்தி ஸ்கோப், ஒண்ணுல இருந்து நாலு மடங்கு. நாலு மடங்குக்கு மேல இதுக்குத் தேவையில்லை. கிட்டத்துல வர்ற எருமை ஒன்பது மடங்குல பார்த்தா வெறும் கறுப்புச் சுவர். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையில குறைஞ்சது மூணரை இன்ச், நாலு இருந்தா நல்லது. ஒரு லீவரைத் தட்டினாக் கழண்டு வர்ற மவுண்ட் போடுங்க. புதருக்குள்ள போறப்ப ஸ்கோப்பைக் கழட்டிப் பையில போட்டுட்டு வெறும் சைட்டோட போகலாம்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. ஸ்கோப்புக்குக் கட்டை உயரமா இருக்கணும், திறந்த சைட்டுக்குத் தாழ்வா இருக்கணும். ரெண்டுக்கும் ஒரே கட்டை முழுசாப் பொருந்தாது. நான் என்ன பண்ணேன்னா, திறந்த சைட்டுக்குப் பொருத்தினேன். ஸ்கோப்புல பார்க்கும்போது நேரம் இருக்கும், தலையைக் கொஞ்சம் தூக்கிக்கலாம். திறந்த சைட்டுல பார்க்கிற நேரத்துல எதுக்கும் நேரம் இருக்காது.

விசை. நான் கண்ட ஆளுங்க பாதிப் பேர் இதைக் கண்டுக்கிறதே இல்லை. போட்டியில சுடுறவங்களுக்கு இறகு பட்டா விழுற விசை வேணும். இங்க வேண்டாம். மூச்சு வாங்குது, கை வேர்க்குது, விரல் நடுங்குது, அந்த நேரத்துல லேசான விசை ஆபத்து. மூணுல இருந்து நாலு பவுண்டு, அதாவது ஒன்றரைக் கிலோ சுமார். ஆனா அந்த மூணு பவுண்டும் கண்ணாடிக் குச்சி ஒடியிற மாதிரி ஒரே இடத்துல ஒடியணும். இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி நீண்டுக்கிட்டே போற விசைதான் என்னை மாதிரி ஆளுங்களைக் கெடுக்கும். எப்ப வெடிக்கும்னு தெரியாமக் காத்திருக்கிற ஒவ்வொரு கணமும் உடம்பு உதையை எதிர்பார்த்துக்கிட்டே இருக்கும்.

ரெட்டைக்குழல் வாங்குற வசதி இருந்தா ரெண்டு விசை உள்ளதா வாங்குங்க. வழக்கமா முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. ஒண்ணு பழுதானாலும் மத்தது தனியா வேலை செய்யும். அது விற்கிற விலைக்கு நம்ம ஊர்ல ஒரு வீடு கட்டலாம், அதனால அதோட நிறுத்திக்கிறேன்.

பூட்டையும் பாருங்க, பாதுகாப்புப் பூட்டை. கட்டைவிரலால பார்க்காமலே, சத்தமில்லாமத் தள்ள வரணும். போல்ட் ஆக்‌ஷன்ல, தோட்டாவை மேகசீன்ல இருந்து வெளிய வர்றப்பவே நகம் மாதிரிப் பிடிச்சுக்கிற பழைய மவுசர் 98 வகை இருந்தா நல்லது. பதட்டத்துல போல்ட்டைப் பாதி இழுத்துட்டுத் திரும்பத் தள்ளினாலும் ரெண்டு தோட்டா மோதிச் சிக்காது.

இப்ப தம்பி, உங்க விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பழைய .375-ஐ எடுங்க. ஆனா வாங்கினதும் மேஜையில வச்சுச் சுடாதீங்க. மேஜையில உட்கார்ந்தா உடம்பு பின்னால போக வழியில்லை, உதை முழுசும் தோள்லயே நிக்கும். மூணுகால் குச்சியில, நின்னபடி, அறுபது எழுபது மீட்டர்ல சுடுங்க. ஒரு நாளைக்கு எட்டுத் தோட்டா, அதுக்கு மேல வேண்டாம். மத்த நேரம் .22-ல நூறு நூறாச் சுடுங்க, அதே மாதிரி நின்னு.

அப்புறம் இதைக் கட்டாயம் செய்ங்க. கூட வர்ற நண்பர்கிட்டத் துப்பாக்கியைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாம நடுவுல ஒரு போலித் தோட்டாவைப் போடச் சொல்லுங்க. நீங்க வெடிக்கும்னு நினைச்சு இழுப்பீங்க. 'கிளிக்'னு மட்டும் கேட்கும். அப்ப குழல் முனை அசையாம இருந்தா நீங்க தயார். எனக்கு இதைப் பண்ணிக் காட்டினப்ப முனை ஒரு சாண் கீழ போச்சு. பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எருமைக்கு முன்னாடி வந்திருக்கணும், எனக்குப் பின்னாடிதான் வந்தது.

மூணு மாசம் இப்படிப் பழகியும் முனை அசையுதுன்னா, அந்த வேட்டையைத் தள்ளிப் போடுங்க. கட்டின பணத்துல கொஞ்சம் போகும். வேட்டைக்காரருக்கு எழுதுங்க, நல்லவரா இருந்தா அடுத்த சீசனுக்கு மாத்திக் கொடுப்பார். தயாராப் போனீங்கன்னா, முதல் நாள் முகாம்ல சைட் சரி பார்க்கச் சொல்வாங்க. அப்ப வேட்டைக்காரர் உங்க குண்டு பட்ட அட்டையைப் பார்க்கிறாரோ இல்லையோ, ஓரமா நிக்கிற டிராக்கர் பார்ப்பார். அட்டையை இல்லை, சுடும்போது உங்க கண்ணை. அவர் முகத்தை நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

அடுத்த எபிசோடில் ரெட்டைக்குழல் ரைஃபிளோட ரெண்டு குழலையும் ஒரே இடத்துல சுட வைக்க எப்படிப் பத்த வச்சுச் சரி பண்றாங்கன்னு பேசுவோம். தம்பி, .375 வாங்கினதும் கட்டை நீளம் எவ்வளவுன்னு எழுதுங்க. வணக்கம்.